எவர்சில்வர் செம்பில் கலங்கல் தண்ணீர்

தண்ணீரை ஆராய்கிறவர்களைக் கூட்டமாக ஓர் அறையில் உட்கார வைத்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். அங்கே வைத்திருக்கும் தண்ணீரை ஒருவரும் குடிக்க மாட்டார்கள். சிதம்பரத்தில் அந்தத் திங்கட்கிழமை காலை, கேன்டீன்காரர் பெரிய ஜக்குகளில் தண்ணீரைக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அவர் முதுகைத் திருப்பியதுதான் தாமதம், சட்டைப் பையிலிருந்தும் கைப்பையிலிருந்தும் பேனா மாதிரி இருக்கும் உப்பு மீட்டரை எடுத்து ஆளாளுக்கு ஜக்குக்குள் விட்டார்கள். நானும்தான் விட்டேன். மறந்த துண்டை எடுக்கத் திரும்பி வந்த கேன்டீன்காரர், ஜக்கைச் சுற்றி நின்ற முனைவர்களையும் முனைவராகப் போகிறவர்களையும் பார்த்துவிட்டு, "என்னாங்க, உள்ள எதனா உழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வருவது சாதாரண விஷயம் இல்லை. வந்தால் நிற்காது. கண்ணில் தண்ணீர் வரும், விக்கல் வரும், பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். பள்ளிக்கூடத்தில் இதற்காக வெளியே நின்றிருக்கிறேன். அது போகட்டும், ஒரு வேலையே போயிருக்கிறது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு நேர்முகத் தேர்வில் நடுவில் உட்கார்ந்திருந்தவர், "கடல் தண்ணி உள்ளே வராம இருக்க என்ன செய்வீங்க?" என்று கம்பீரமாகக் கேட்டுக்கொண்டே கையை வீசினார். அவருடைய டம்ளர் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் மேசையில் இருந்த கோப்புகளுக்குள் ஓடியது. நான் பதில் சொல்லவே இல்லை. என்னால் முடியவில்லை.

ஆனால் இந்த வாரம் நான் சிரிக்கக் கூடாத வாரம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்பூரில் எனக்கு ஒரு வேலை வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். என் கணவருக்குக் கடலூர் முதுநகரில் மருந்துக்கடை. அதற்கு முன்னால் அவர் பல வருஷம் மஸ்கட்டில் இருந்தார். அந்த வருஷங்களில் நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் போனில்தான். குழம்பு கொதிப்பதைக்கூடப் போனைக் கிட்டே வைத்துக் கேட்க வைப்பேன். அவர் திரும்பி வந்து, கடை போட்டு, அப்பாடா என்று ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த நேரத்தில், இப்போது நான் கிளம்ப வேண்டும். "போய்ட்டு வா. நாம பாக்காத போனா?" என்றார் அவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பாமல் இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. நீரியல் ஆய்வாளர்களுக்கு இயந்திரக் கற்றலும் கணினிக் கருவிகளும் சொல்லித்தரும் இந்தப் பயிற்சியைக் கடலூரிலும் தொடர்ந்து நடத்தப் போகிறார்கள் என்றும், அதற்கு உள்ளூர்ப் பயிற்றுநர் ஒருவரை எங்களுக்குள்ளிருந்தே எடுப்பார்கள் என்றும் முதல் நாளே அறிவித்தார் பயிற்சியை நடத்திய பேராசிரியர். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது செய்து, சனிக்கிழமை அதை மேடையில் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவர் முடிவு செய்வார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். நான் அப்போதே கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் எங்களில் பெரும்பாலோரைவிட வயதில் சிறியவர். நாங்கள் எல்லோரும் அவரை மேடம் என்றோம். அவருக்கு அதில் கூச்சம். "உங்களுக்குத் தண்ணி தெரியும், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பயப்பட ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார். "மேடம், வேணாம்!" என்று அறை முழுவதும் கத்தியது. பாவம், அவர் டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது. அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் யாராவது ஒருவர் அவருக்கு வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நிலத்தடி நீரைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவர் காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்தார்.

இயந்திரக் கற்றல் என்றால் என்ன என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. விதியை நாம் எழுத வேண்டாம். உதாரணங்களைக் காட்டினால் போதும், விதியை அதுவே தேடிக்கொள்ளும். "ஆனா நீங்க நெனச்ச விதியத்தான் தேடும்னு மட்டும் எனக்கு எழுதிக் குடுக்கச் சொல்லாதீங்க," என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எதற்குத் தலையாட்டினோம் என்று எங்களுக்கே தெரியாது.

என் பக்கத்து நாற்காலிக்காரர் அண்ணாகிராமத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். ஏரி வண்டலை ஆராய்கிறவர். என்னைவிட இளையவர், அதனால் நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த முந்திரி இருக்கும். நிரல் தப்பாக ஓடித் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்தால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. முதல் இரண்டு நாளில் நாங்கள் தின்ற முந்திரிக்கு அளவே இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் முறையாகச் சிவப்பு எதுவும் வராமல் ஒரு வரைபடம் பளிச்சென்று வந்தபோது, "அக்கா, வந்துடுச்சிக்கா, வந்துடுச்சி!" என்று அவர் எழுந்து நின்றே கத்தினார். பிரசவ வார்டு வாசலில்தான் அப்படிக் கத்துவார்கள். முன்வரிசையில் இருந்த வயதான இணைப் பேராசிரியர் ஒருவர் தன் திரையைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் யாருக்கும் வயது ஞாபகம் இல்லாத வாரம் அது.

எல்லோரும் மழை அளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் வைத்து ஏதோ செய்தார்கள். நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டோம். போனில் ஒரு பாத்திரத் தண்ணீரைப் போட்டோ எடுத்தால், அது தெளிவா கலங்கலா என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணினி மாதிரி, மாடல் என்பார்களே அது, இருக்கிறது. அதற்கு நம்முடைய படங்களையும் கொஞ்சம் காட்டினால் போதும் என்று மேடம் வழி சொன்னார். என் கணவரிடம் ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "அதான் கண்ணுக்கே தெரியுதே, இதுக்கு எதுக்கு மிஷினு?" என்றார்.

"ஒரு தெருவுன்னா கண்ணு போதும். ஊரு முழுக்கத் தெருவுக்குத் தெரு போட்டோ அனுப்பினா ஒக்காந்து பாக்க ஆளு எங்க? மிஷினு பிரிச்சிக் குடுத்தா, எந்தத் தெருவுல கொழா ஒடஞ்சிருக்குன்னு உடனே போயி பாக்கலாம்ல."

"அப்ப சரி," என்று சொல்லி, அப்போதே சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்.

படங்கள் வேண்டுமே. எங்களிடம் ஆய்வுக்கூடம் இல்லாவிட்டாலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தம்பி தன் குடும்பத்து வாட்ஸப் குழுவில் போட்டார், நான் என் குடும்பத்துக் குழுவில் போட்டேன். வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர் ஒரு படம், கலங்கல் தண்ணீர் ஒரு படம். மழை விட்டு ஓய்ந்திருந்த வாரம், அதனால் கலங்கலுக்குப் பஞ்சம் இல்லை. போட்டது ஒரு வேளை, பிறகு எங்கள் போன் ஓயவே இல்லை. வாய்க்கால், பம்புசெட்டு, தெருக்குழாய், தொட்டி. ஒரு சித்தப்பா தண்ணீரோடு தன்னையும் சேர்த்து எடுத்து அனுப்பினார். ஒரு படத்தில் டம்ளருக்குப் பின்னால் கல்யாண வீட்டுப் பந்தல். ஒன்றில் பூனை குடித்துக்கொண்டிருந்தது. அண்ணாகிராமத்து மச்சான் ஒருவர், "நல்லா வந்துருக்கா? இல்லன்னா திரும்ப எடுக்கறேன்" என்று ஒரே டம்ளரை வேறு வேறு கோணத்தில் எடுத்துத் தள்ளினார். அவருக்கு நாங்கள் பதில் போடுவதற்குள் அடுத்த கோணம் வந்துவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாதிரிக்குப் படங்களைக் காட்டி முடித்தோம். கொஞ்சம் படங்களைக் காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்தோம், அதுதான் பரீட்சை. ஒன்று கொடுத்தோம், தெளிவு என்றது. சரி. இன்னொன்று கொடுத்தோம், கலங்கல் என்றது. அதுவும் சரி. அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தன. தம்பி மேசையைத் தட்டினார், நான் அவர் முதுகைத் தட்டினேன். மேடம் எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நல்லா வந்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்கும். படத்துல அது எந்த எடத்தப் பாத்து முடிவு பண்ணுதுன்னு கலர் போட்டுக் காட்ட ஒரு கருவி இருக்கு. போட்டுப் பாத்துடுங்க," என்றார். நாளைக்குப் பார்க்கிறோம் என்றோம். அவர் அந்தப் பக்கம் போனதும், "மேடம் கண்ணு பட்டுடுச்சிக்கா," என்றார் என் தம்பி. நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் போட்ட டீ.

அன்று ராத்திரி வீட்டில் என் கணவர் விளையாட்டாக ஒரு டம்ளர் ரசத்தைப் போட்டோ எடுத்து எங்கள் மிஷினில் போட்டுப் பார்த்தார். தெளிவு என்று பச்சையில் வந்தது. "பாத்தியா, மேலாப்புல எடுத்த தெளிவு ரசம்னு கரெக்டா சொல்லுது. மிஷினுக்கே தெரியுது என் கைப்பக்குவம்," என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ரசம் எங்கள் கையைப் பிடித்துச் சொன்னது. நாங்கள் அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கீரப்பாளையத்துக்குப் போனேன். அங்கே என் கணவரின் அக்கா இருக்கிறார், எனக்கு அண்ணி. அவர்கள் தெருக்குழாயில் சில நாளாகவே தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. நான் மேடை ஏறப் போகிறேன் என்றதும் அண்ணிக்கு என்னைவிடப் படபடப்பு. "நீ ஜெயிச்சா நாக்பூரு போவ வேணாம்ல?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். "போவ வேணாம் அண்ணி."

"எந்தம்பி மஸ்கட்ல எத்தினி வருசம் தானே பொங்கித் தின்னான். வந்தும் பொங்கித் தின்னணுமான்னு எனக்கு மனசே ஆறல." பிறகு சட்டென்று முகம் மாறியது. "சிரிச்சிக் கெடுத்துடாத டாக்டரம்மா. ஒங்க கல்யாணத்துல ஐயரு மந்திரத்த மறந்துட்டாருன்னு நீ சிரிச்சது இன்னும் வீடியோவுல இருக்குது."

பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். பஞ்சாயத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அண்ணியும் தன் தெருப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். "எங்கத் தெரு தண்ணியும் கொண்டாரேன், உன் மிஷினு நாலு பேரு முன்னாடி சொல்லட்டும். அப்பனாச்சும் கொழாய சரி பண்ணுவாங்க." நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. எங்களுக்கு முந்தியவர்கள் மழை வரைபடங்களைக் காட்டினார்கள். பேராசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி "நன்றி" சொன்னார். எங்கள் முறை வந்தது. தம்பி போனைப் பிடித்தார், நான் பேசினேன். பெரிய திரையில் பச்சையும் சிவப்பும் சரிசரியாக விழுந்தன. கைதட்டல் வந்தது. மேடையோரம் நின்றிருந்த மேடமும் கைதட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூர் எனக்கே என்று மனதுக்குள் ஒரு குரல் குதித்துக்கொண்டிருந்தது.

"வெளியிலேருந்து யாராவது தண்ணி கொண்டாந்திருந்தா அதையும் பாத்துடலாமே," என்றார் பேராசிரியர்.

பின்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய ஒரு செம்பு. கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வருகிற நடையில் மேடைக்கு வந்து, செம்பை மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். எவர்சில்வர் செம்பு, அவருடைய கல்யாணச் சீரில் வந்தது. விளிம்புக்குக் கீழே அவருடைய பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. உள்ளே கேன்டீன் டீயின் நிறத்தில் தண்ணீர், மேலே ஒரு துரும்பு வேறு.

தம்பி போட்டோ எடுத்தார். திரையில் வந்தது: தெளிவு.

தம்பி லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார். தெளிவு. கிட்டே போய் எடுத்தார். தெளிவு, பச்சைப் பசேலென்று. அண்ணி திரையைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, எங்கத் தெரு தண்ணி நல்லாருக்குங்குதா?" என்று கேட்டார். மைக் அவர் பக்கத்திலேயே இருந்தது. பஞ்சாயத்து ஆட்களில் ஒருவர் மட்டும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாக்பூர் ரயில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எதையாவது கேட்க வேண்டுமே என்று, "அண்ணி, எதுக்கு இந்தச் செம்புல கொண்டாந்தீங்க?" என்றேன்.

"பின்ன? இம்மாம் பெரிய காலேஜிக்கு வரேன், பெயிண்ட் டப்பாவுலயா தூக்கிக்கினு வருவேன்? இதுல ஊத்த மனசே வரல எனக்கு. ஒம் மானம் போவக்கூடாதேன்னு ஊத்துனேன். வீட்டுக்குப் போயி புளி போட்டுத் தேய்ச்சிக்குவேன்."

பெயிண்ட் டப்பா. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வாரம் முழுக்க வந்த படங்கள் எல்லாம் வரிசையாக என் கண்ணில் ஓடின. கலங்கல் தண்ணீர் படங்கள்: பெயிண்ட் டப்பா, உடைந்த பக்கெட், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன், பாத்ரூம் மக்கு. நல்ல தண்ணீர் படங்கள்: எவர்சில்வர் டம்ளர், எவர்சில்வர் செம்பு, எவர்சில்வர் டம்ளர். சித்தப்பா கையில் இருந்தது எவர்சில்வர். பூனை குடித்தது பெயிண்ட் டப்பாவில். ரசம், ஐயோ, ரசம் இருந்தது எவர்சில்வர் டம்ளரில். கலங்கலான தண்ணீரை யாராவது குடிக்கிற டம்ளரில் ஊற்றுவார்களா? எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருத்தர்கூட ஊற்றவில்லை. எங்கள் மிஷின் ஒரு துளித் தண்ணீரைக்கூடப் பார்த்ததில்லை. அது பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கன்னத்தைக் கடித்தேன். கைவிரலைக் கிள்ளினேன். ஒன்றும் பலிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம், அது மைக்கில் போய்ப் பெரிதாகக் கேட்டது. பிறகு முழுச் சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தேன். "அக்கா, அக்கா," என்று தம்பி பதறினார். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. சரி, போவது போகட்டும் என்று பேராசிரியருக்கு முன்னால் இருந்த மூடி திறக்காத பாட்டிலை எடுத்தேன். செய்து காட்டுவதற்காக எங்கள் பையில் கொண்டுவந்திருந்த காலிப் பெயிண்ட் டப்பாவில் அந்த நல்ல தண்ணீரை ஊற்றி, தம்பியிடம் காட்டி, எடு என்று சைகை செய்தேன். பேச வரவில்லை.

கலங்கல், என்றது மிஷின்.

தம்பிக்கு அப்போது புரிந்தது. அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு இரண்டாவது அலை வந்தது. விக்கலுக்கு நடுவில், துண்டு துண்டாக, என்ன நடந்தது என்று சொன்னேன். டம்ளர் என்று சொல்லிச் சிரித்தேன், பக்கெட் என்று சொல்லிச் சிரித்தேன், ரசம் என்று சொன்னபோது உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரித்தது அண்ணியின் தெருப் பெண்கள். அவர்களுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "பின்ன நல்ல டம்ளர்லயா ஊத்துவாங்க அந்தக் கண்றாவிய!" என்று ஒருவர் கத்தினார். பிறகு அரங்கம் முழுக்க. மேடம் சத்தமில்லாமல் எங்கள் மடிக்கணினிக்கு வந்து, நாளைக்குப் பார்க்கிறோம் என்று நாங்கள் விட்டுவிட்ட கருவியை ஓட்டினார். திரையில் படம் படமாக வந்தது. எல்லாவற்றிலும், மிஷின் பார்த்த இடமாக, பாத்திரத்தின் விளிம்பு மட்டும் செக்கச்செவேலென்று எரிந்தது. நடுவில் தண்ணீர் இருந்த இடம் இருட்டு. அண்ணியின் செம்பில் அவர் பெயர் வெட்டிய இடத்துக்குத்தான் ஜாஸ்தி சிவப்பு.

"எம் பேரப் படிச்சிருக்குது பாரு," என்றார் அண்ணி பெருமையாக.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து செம்புக்குள் எட்டிப் பார்த்தார். "இத எப்படி சரி பண்ணுவீங்க?" என்று என்னைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். பாத்திரத்தை மாற்ற வேண்டும். நல்ல தண்ணீரைப் பெயிண்ட் டப்பாவில் ஊற்றியும், கலங்கலை எவர்சில்வரில் ஊற்றியும், ஒரே பாத்திரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றியும் படம் எடுக்க வேண்டும். பாத்திரத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று ஆனால்தான் அது தண்ணீரைப் பார்க்கும்.

"சரி. யாரு வீட்டு டம்ளர்ல ஊத்தப் போறீங்க?"

நான் அரங்கத்தைப் பார்த்தேன். அத்தனை ஆய்வாளர்களும் தங்கள் பாட்டிலையும் டம்ளரையும் மெல்லக் கைப்பக்கம் இழுத்துக்கொண்டார்கள். காய்ச்சி வடிகட்டித் தண்ணீர் கொண்டுவந்தவர் தன் டம்ளரைப் பைக்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். எனக்கே என் வீட்டு டம்ளரைக் கொடுக்க மனசு வருமா என்று யோசித்தேன். வராது. கழுவலாம், கொதிக்க வைக்கலாம், நானே சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள். ஆனாலும் வராது.

அண்ணி செம்பை என் பக்கம் தள்ளினார். "இத வெச்சிக்க."

"அண்ணி, இது ஒங்க சீரு..."

"ஊத்தியாச்சி. இனிமே எத்தினி புளி போட்டுத் தேச்சாலும் இதுல என்னால குடிக்க முடியாது, அது எனக்கு இன்னிக்கிக் காலையிலயே தெரியும். தெரிஞ்சிதான் ஊத்துனேன். நீயே வெச்சி ஒன் மிஷினுக்குச் சொல்லிக்குடு. வீட்டுக்கு மட்டும் கொண்டாந்துடாத."

புளி போட்டுத் தேய்த்துக்கொள்வேன் என்று அவர் சொன்னது எனக்காகச் சொன்ன பொய். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்புக்கும் அழுகைக்கும் என் முகத்தில் ஒரே தண்ணீர்தான். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. தம்பி என் காதருகில், "எங்க வீட்லேருந்தும் ஒரு டம்ளர் எடுத்தாரேன்க்கா. எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது," என்றார்.

பேராசிரியர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். உட்காருவதற்கு முன்னால், "இந்த மாதிரித் தப்ப நானும் பல தடவ பல எடத்துல விளக்கியிருக்கேன். முன்வரிசைக்கே புரியாது. இன்னிக்குக் கடைசி வரிசையிலேருந்து பதில் வந்துச்சு," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடலூர்ல நீங்க எப்ப ஆரம்பிக்கலாம்?" அவர் வாயோரம் ஏதோ அசைந்தது. தம்பி அது சிரிப்புதான் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

சாயங்காலத்துக்கு முன்னால் கடலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம், மடியில் ஈரச் செம்பு. புதுச்சத்திரம் தாண்டும்போது கடையிலிருந்து என் கணவர் போன் செய்தார். "என்னா ஆச்சி?" என்றார். சொல்ல வாயைத் திறந்தேன், மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. பெயிண்ட் டப்பா என்று ஆரம்பிக்கிறேன், முடிக்க முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, விக்கல் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். "அழுவாத," என்றார். குரல் தணிந்துவிட்டது. "அழுவாத, விடு. நாக்பூரு என்னா, ரயில் ஏறுனா வந்துடப் போவுது. மாசம் ஒருக்கா கடைய சாத்திட்டு நான் வரேன். மஸ்கட்டுக்கே நீ அழுவல, இதுக்கா அழுவுற? வரேன்னு பதில் போட்டுடு. போட்டுட்டு வா."

இவ்வளவு நேரமும் அவர் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், கல்லாவில் உட்கார்ந்தபடி, வருகிற ஆளுக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. நான் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வரலன்னுதான் பதில் போடப் போறேன்," என்றேன்.

கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை போலிருக்கிறது, அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராத்திரிக்கு ரசம் வெச்சிடட்டுமா?" என்றார்.

மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய அன்றும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"வெயுங்க," என்றேன். அந்த வாரத்தில் முதல் முறையாக, அடக்காமலே எனக்குச் சிரிப்பு நின்றிருந்தது.